இரண்டு பக்கமும் திரும்பும் வளையம்

லிஃப்ட்காரருக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவர் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த கைக்கடிகாரங்கள் அத்தனையும் கடலுக்கடியில் கட்டிக்கொண்டு போவதற்கென்றே செய்யப்பட்டவை. இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று டயலில் எழுதியிருக்கும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு தெருவில் போவார். இரண்டு தூறல் விழுந்தால் போதும், கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுத் தான் மட்டும் நனைந்துகொண்டு வருவார்.

"மழைக்கு ஒதுங்குற வாட்ச்சை எதுக்குங்க கடலுக்குன்னு செஞ்சாங்க?" என்று மனைவி கேட்பாள்.

"ஐம்பது வருஷத்துப் பழசும்மா. உள்ள இருக்கற ரப்பர் காய்ஞ்சு போயிருக்கும்."

"சரி, நேரமாவது பாக்கலாம்ல? இத்தனை வாட்ச் இருந்தும் ஒருநாளாவது சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கீங்களா?"

 தாமதம் குடும்பத்தில் ஊறியது. அவருடைய அண்ணனும் அப்படித்தான்.

பெரிய கட்டடங்களின் லிஃப்டுகளைச் சோதிப்பதும் பழுது பார்ப்பதும் அவர் உத்தியோகம். நாளெல்லாம் ஏறுவார், இறங்குவார். சாயங்காலம் பார்த்தால் காலையில் நின்ற அதே தரைத்தளத்தில் நின்றுகொண்டிருப்பார். லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கிணறு மாதிரி இருண்டு கிடக்கும் சுவர்களுக்கு நடுவே இரும்புச் சட்டங்களுக்கு எண்ணெய் விடுவார். அந்த இருட்டில் மணி பார்க்கத்தான் ஒளிரும் முள் வைத்த கடிகாரம் வேண்டியிருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். பழைய கடிகாரங்களில் அந்த ஒளி செத்துப் பல வருடம் ஆகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு வேலை துறைமுகத்தில். டைவர். கப்பலுக்கு அடியில் மூழ்கிப் போய், அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவார். விசிறியில் சிக்கிய கயிற்றை அறுத்தெடுப்பார். "பெரியவன் கீழே போய்ச் சம்பாதிக்கிறான், சின்னவன் மேலே போய்ச் சம்பாதிக்கிறான். தரையில நிக்கறவ நான் ஒருத்திதான்" என்று அவர்களுடைய அம்மா சொல்லிச் சிரிப்பாளாம்.

இத்தனை வருடம் தண்ணீருக்கடியில் கிடந்த மனிதருக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானம், காய்ந்த துணிகளை எடுக்க மொட்டைமாடிக்குப் போனவர், எடுத்த துணிகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். துணிகளை ஒழுங்காக மடித்து வேறு வைத்திருந்தார்.

லிஃப்ட்காரர் அழவில்லை. அவர் அழுவதைப் பார்த்தவர்கள் இல்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கு ஒன்று விடாமல் போக ஆரம்பித்தார்.

அந்தக் கூட்டம் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், ஆளுயரக் கடைவாய்ப்பல் ஒன்று படத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். அதன் கீழே டீப்பாயில் பச்சைத் துணி விரித்து ஆளாளுக்குத் தங்கள் பழைய டைவ் வாட்ச்சுகளைப் பரப்புவார்கள். டாக்டர் நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியால் கடிகாரத்தின் அடி முடி எல்லாம் பார்ப்பார். முக்கியமானவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் கேக் கடைக்காரர். டயலில் தேதி காட்டும் கட்டத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது; "நல்ல முகத்துல ஓட்டை போட்டுட்டானுங்க" என்பார். ஆகவே அவர் பெயர் 'தேதி'. இன்னொருவர் மேசை நாற்காலி செய்து விற்பவர். எதையும் அளந்துவிட்டுத்தான் பேசுவார். அவர் பெயர் 'நூலு'.

இவர்களில் ஒருவரும் கடிகாரத்தோடு தண்ணீரில் இறங்கியதே கிடையாது. அதனால் டாக்டரின் மனைவி இந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர், முங்காதோர் சங்கம்.

அண்ணனின் கடிகாரம் அங்கே வந்த முதல் நாள் சங்கமே எழுந்து நின்றது. அது அண்ணனுக்கு வேலை கிடைத்த புதிதில் வாங்கியது. அப்போது டயல் மைக்கறுப்பு. வருடக்கணக்காக வெயிலும் உப்புத் தண்ணீரும் பட்டுப் பட்டு, வறுத்த காபிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. டயலைச் சுற்றி நிமிடக் கோடுகள் போட்ட வளையமும் கறுப்பாகத்தான் இருந்தது. இப்போது மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஒரு சாம்பல். பச்சையாக ஒளிர்ந்த புள்ளிகள் மஞ்சளித்திருந்தன.

"என்கிட்ட வர்றவன் எல்லாம் இந்தக் கலரைப் போக்கிவிடுங்கன்னு வாயைத் திறக்கறான். நான் இங்க உக்காந்து அதையே விழுந்து விழுந்து ரசிக்கிறேன்" என்றார் டாக்டர்.

கடிகாரத்தின் பின்பக்கத்தில் அண்ணன் தன் துறைமுகப் பணி எண்ணை ஆணியால் கிறுக்கியிருந்தார். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அவர் ஏழை அப்படித்தான் எழுதுவார். லிஃப்ட்காரர் லிஃப்டின் கூரைமேல் தனியாக இருக்கும்போது அந்த ஏழின்மேல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அந்தக் கடிகாரம் அவருடையது இல்லை.

"பட்டை அறுந்து போச்சு, கண்ணாடியெல்லாம் கீறல். கொண்டுபோய் ரிப்பேர் பண்ணி வை தம்பி" என்று சொல்லித்தான் அண்ணி கொடுத்திருந்தாள். அவரும் வாங்கிக்கொண்டு வந்து, வைத்தார். ரிப்பேர் பண்ணவில்லை, வைத்தார். அண்ணியும் கொஞ்ச நாள் கேட்கவில்லை.

அப்புறம் அண்ணியின் மகளுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. எஞ்சின் அறையில் இளநிலைப் பொறியாளர். அப்பன் கப்பலுக்கு அடியில், மகள் கப்பலுக்கு உள்ளே. அண்ணி லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அவ கிளம்பறப்ப அப்பா வாட்ச்சைக் கையில கட்டி அனுப்பணும். இப்படி மங்கிப்போய்க் குடுக்கக் கூடாது. டயல், வளையம் எல்லாம் புதுசா மாத்தி, பாலீஷ் போட்டு, வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படி வேணும்."

லிஃப்ட்காரர் பதறிக் குறுக்கிட்டார்.

"அண்ணி, இந்த மங்கல்லதான் அழகே இருக்கு. இந்த கலருக்குன்னே ஆளுங்க அலையறாங்க."

"யாரு?"

"ஒரு பல் டாக்டர் இருக்காரு…"

"அவரு பல்லைப் பாக்கச் சொல்லு. புதுசா இது எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது தம்பி. நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. எனக்குத் தெரியும். முடியலைன்னா குடு, முக்குக் கடையில குடுத்துக்கறேன்."

முக்குக் கடைக்காரரிடம் பாலீஷ் இயந்திரம் ஒன்று இருந்தது. எது உள்ளே போனாலும் ஸ்பூன் மாதிரி வெளியே வரும். அதைக் கேட்டதும் "இல்ல இல்ல, நானே பாத்துக்கறேன் அண்ணி" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து சாக்குகள் ஆரம்பித்தன. வாட்ச் ரிப்பேர் செய்பவருக்கு இடுப்புப் பிடிப்பு என்றார். உதிரிபாகம் கப்பலில் வருகிறது என்றார். கப்பல் தாமதம் என்றார். மகள் எந்தக் கப்பல் என்று கேட்டாள். அவள் படிப்பு அப்படி. அவர் பேச்சை மாற்றினார். புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்று, அண்ணன் கடலில் கழித்த காலமெல்லாம் படிந்து கிடக்கும் அந்த முகத்தைத் துடைத்துப்போட வேண்டும். இல்லாவிட்டால் அண்ணியின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் அவருக்கு மனசு வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் செய்தி வந்தது. அதே கடிகாரத்தை அதே கம்பெனி மறுபடியும் வெளியிடுகிறது.

முங்காதோர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் அன்று யாரும் வேலை பார்க்கவில்லை. பாதிப் பல்லோடு நாற்காலியில் ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு டாக்டர் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு மில்லிமீட்டர் பெருசு" என்று முதலில் போட்டவர் நூலு.

"படத்துல எப்படிய்யா அளந்த?"

"திரையிலயே வெச்சு அளந்தேன்."

தேதிதான் பாவம். படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பழையதில் இல்லாதது போலவே புதியதிலும் தேதிக் கட்டம் இல்லை. திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் கடைசியில், "அப்ப தேதியை எதுலதான் பாக்கறது?" என்று கேட்டார். குழு அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நேரில் கூடியபோது சண்டை இன்னும் வளர்ந்திருந்தது. புதியது இரண்டு வகையில் வந்திருந்தது. ஒன்று, பழைய மாதிரியே மைக்கறுப்பு. இன்னொன்று, பிறக்கும்போதே காபிக்கொட்டை நிறம், வளையம் சாம்பல், புள்ளிகள் மஞ்சள். பெட்டியைப் பிரித்தால் ஐம்பது வயது.

"எனக்குப் பிடிச்சிருக்கு. இனிமே பயப்படாம கட்டிக்கலாம், மழையில போகலாம். என்ன குறைச்சல்?" என்றார் டாக்டர்.

"பொறந்த குழந்தைக்கு நரைமுடி ஒட்டற கதையா இருக்கு" என்றார் தேதி.

எப்போதும் ஓரமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் லிஃப்ட்காரர் அன்று குரலை உயர்த்தினார். "இந்தப் பழுப்பு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா டாக்டர்? எங்கண்ணன் தண்ணியில இறங்கி ஏறி, இறங்கி ஏறி வந்தது. அதைப் போய் பெயிண்டு டப்பாவுல கலக்கி விக்கறாங்க. யாரு வேணா போய் எங்கண்ணன் காலத்தை வாங்கிக் கையில கட்டிக்கலாமா?"

 டாக்டர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாய் கொப்பளிக்கக் கொடுக்கும் காகிதக் கோப்பையில்.

பேச்சை மாற்ற நூலு புதிய வளையத்தைப் பற்றி ஆரம்பித்தார். அதில் மட்டும்தான் எல்லோரும் ஒத்துப்போனார்கள். டைவர் தண்ணீரில் இறங்கும்போது வளையத்தில் இருக்கும் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துக்கொள்வார். முள் முக்கோணத்தைவிட்டு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறதோ, அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது என்று கணக்கு.

"பழசுல வளையம் ரெண்டு பக்கமும் வழுக்கிக்கிட்டுத் திரும்பும். கீழ எங்கயாவது இடிச்சு, முக்கோணம் முள்ளுப் பக்கமா நகர்ந்துட்டா, இப்பத்தானே வந்தோம்னு நினைச்சு ஆளு காத்து தீர்ற வரைக்கும் அங்கயே இருந்துடுவான்" என்றார் நூலு. "புதுசு முள்ளு போற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மட்டும்தான் திரும்பும். டக் டக்னு பல்சக்கரம். பொய் சொல்லவே சொல்லாது."

"இது ஒண்ணுதான்யா உருப்படியா பண்ணியிருக்கான்" என்று தேதியே ஒப்புக்கொண்டார்.

லிஃப்ட்காரர் அதைக் கேட்கவில்லை. அவர் டாக்டரின் கைபேசியில் கறுப்பு டயல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி.

"டாக்டர், இந்தக் கறுப்பை வாங்கி, ரிப்பேர் பண்ணது இதுதான்னு அண்ணிகிட்ட குடுத்துட்டா என்ன?"

 முதலில் சிரித்தது தேதி. அப்புறம் ஒவ்வொருவராக முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருடம் போலிகளைக் கண்டுபிடித்து வந்தவர்கள் அவர்கள். ஒரு போலியை உண்டாக்கும் வாய்ப்பு வாழ்நாளில் எத்தனை முறை வரும்?

லிஃப்ட்காரர் தன்னிடம் இருந்த மற்ற கடிகாரங்களில் நல்லதாக இரண்டை விற்றார். மனைவி கேட்டதற்கு, "இடம் அடைக்குது" என்றார். அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். புதியது வந்து சேர்ந்ததும் நூலு முதல் வேலையாக அளந்து, ஒரு மில்லிமீட்டர் பெரியதுதான் என்று உறுதி செய்து பெருமைப்பட்டார்.

"அதை உங்க அண்ணி கண்டுபிடிச்சிட்டா?" என்று லிஃப்ட்காரரிடம் கேட்டார்.

"அவங்க என்ன உன்னை மாதிரி அளவெடுக்கற வெர்னியரைக் கையில பிடிச்சுக்கிட்டா பொறந்தாங்க?" என்றார் தேதி. "எனக்கு நாலாம் நம்பர்தான் பயமா இருக்கு. பழசுல நாலோட கால் கொஞ்சம் குட்டை."

பழைய கடிகாரத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு காலை முழுக்க ஆராய்ந்தார்கள். புதிய பட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தார் தேதி, கேக் தட்டில். கடைசியாகப் பின்பக்கத்துப் பணி எண். அதை டாக்டர் ஏற்றுக்கொண்டார். கடிகாரத்தை நோயாளி நாற்காலியின் தலைமாட்டில் குப்புறப் படுக்கவைத்து, விளக்கை இழுத்து, பல் குடையும் இயந்திரத்தைக் கையில் எடுத்தார். பழக்கதோஷத்தில், "கொஞ்சமா கூசும்" என்று கடிகாரத்திடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். உமிழ்நீர் உறிஞ்சும் குழாயைத் தேதி பிடித்துக்கொண்டு இரும்புத் தூளை உறிஞ்சினார்.

ஏழு வந்தபோது லிஃப்ட்காரர், "நடுவுல ஒரு கோடு" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அண்ணி வீடு மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. "ஊரெல்லாம் லிஃப்டைத் தூக்கி நிறுத்தறே, எங்க மாடிக்கு ஒண்ணு கொண்டாரக் கூடாதா?" என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்போதெல்லாம் அவள் கேட்பாள். அன்றும் கேட்டாள். அவர் சிரிக்க மறந்துவிட்டார்.

கூடத்தில் மகளின் பெட்டி திறந்து கிடந்தது. ஒரு பக்கம் மடித்த சீருடை, இன்னொரு பக்கம் அம்மா திணித்தவை. எதை எடுப்பது எதை விடுவது என்று அம்மாவும் மகளும் ஏற்கெனவே ஒரு சுற்றுச் சண்டையை முடித்திருந்தார்கள்.

"வா சித்தப்பா. கப்பல் வந்து சேந்துச்சா?" என்றாள் மகள்.

அவர் கடிகாரத்தை எடுத்து அண்ணியின் கையில் வைத்தார். அண்ணி முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பார்த்தாள். ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள். நாலாம் நம்பரின் கால் அவருக்கே இப்போது யானைக்கால் மாதிரி தெரிந்தது. அண்ணி கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டாள். பின்பக்கம் திருப்பி எண்ணை விரலால் தடவினாள். அப்புறம் உள்ளங்கையைக் குவித்து அதை மூடி, குவித்த கைக்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தாள்.

"பச்சையா எரியுதுடி" என்றாள் மகளிடம். "இப்படித்தான் இருந்துச்சு. கல்யாணமான புதுசுல கரண்டு போனா, அவர் வர்றது எனக்கு இந்த வெளிச்சத்துலதான் தெரியும். ஆளு தெரியாது. கை மட்டும் வரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்; குரல் உடைந்திருந்தது. லிஃப்ட்காரருக்குத் தப்பித்துவிட்ட நிம்மதி. அண்ணன் இல்லாமல் போனபின் அண்ணி இப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. பழையது அவருடைய கருவிப்பையில், ஒரு காலுறைக்குள் பத்திரமாக இருந்தது. வீட்டில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

"இரு" என்றாள் அண்ணி.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையத்தின்மேல் வைத்து, முள் போகும் பக்கமாகத் திருப்பினாள். திரும்பவில்லை. இன்னும் அழுத்தித் திருப்பினாள்.

"தம்பி, இது ஏன் இந்தப் பக்கம் வரமாட்டேங்குது?"

"புதுசா ரிப்பேர் பண்ணது இல்லீங்களா அண்ணி… கொஞ்சம் டைட்டா இருக்கும்."

"டைட்டு ஒண்ணும் இல்லையே. அந்தப் பக்கம் போகுது பாரு." டக், டக், டக். "சத்தம் வேற."

"சுத்திக்கிட்டு வந்தா எந்த இடத்துக்கும் வந்துடும் அண்ணி."

"சுத்திக்கிட்டு வந்தா எப்படித் தம்பி?" அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "உங்க அண்ணன் கடைக்குப் போறேன், அரை மணியில வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்புவாரு. நான்தான் கையைப் பிடிச்சு, முக்கோணத்தை முள்ளுக்கு நேரா வெச்சு அனுப்புவேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு வந்ததும் பாக்கறேன், போங்கன்னு. ஆளு ரெண்டு மணி நேரம் கழிச்சு வருவாரு. கதவைத் திறந்தா வாய் பேசாது, கைதான் முதல்ல நீளும். பாத்தா, பத்து நிமிஷம்தான் ஆயிருக்கும். 'பத்து நிமிஷம்தான் ஆச்சு, அதுக்குள்ள என்ன கோவம்?'னு கேப்பாரு. இந்தப் படியில ஏறும்போதே முக்கோணத்தைத் தள்ளிட்டு வருவாரு தம்பி. ஒரே ஒரு தள்ளு. சத்தமே வராது. அது பொய்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும்."

அவள் மறுபடியும் ஒருமுறை திருப்பினாள். டக், டக், டக்.

"இப்படி டக் டக்னு சுத்திக்கிட்டு வந்தா நான் உள்ள இருந்தே கேட்டிருக்க மாட்டேனா?"

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். அந்தக் கடிகாரத்தின் ஒவ்வொரு கீறலும் தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் அவர்கள் சங்கத்தில் ஒருவரும் அந்த வளையத்தை எதற்காகவும் திருப்பியதில்லை. தேய்ந்துவிடுமே என்று.

"இது அது இல்ல அண்ணி" என்றார்.

மகள் பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மறுபதிப்பு, கறுப்பு, பட்டையை ஊறப்போட்டது, கேக் தட்டு. அண்ணியின் முகம் முதலில் சிவந்தது.

"இந்த நம்பர்?"

"டாக்டர் போட்டது."

"எந்த டாக்டர்?"

"அந்தப் பல் டாக்டர்தான்."

"பல்லு குடையறதுலயா?"

"ஆமா அண்ணி."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து அவர் எழுந்தே விட்டார். கை விலகியபோது பார்த்தால் சிரிப்பு. கண்ணிலும் தண்ணீர் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

"ஒரு பொம்பளையை ஏமாத்த இத்தனை பேரா? உங்க அண்ணன் ஒத்தை ஆளா, ஒரு விரலால ஏமாத்துனாரு. எங்க அது?"

காலுறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணி மங்கிப்போன அந்தச் சாம்பல் வளையத்தில் விரலை வைத்தாள். ஒரே ஒரு தள்ளு. சத்தமே வரவில்லை. முக்கோணம் முள்ளுக்குப் பக்கத்தில் போய் நின்றது.



"இதைப் புதுசாக்கக் குடுத்தா இந்த வளையத்தையும் மாத்திடுவானா?"

"மாத்திடுவான் அண்ணி."

"அப்ப வேணாம். இப்படியே இருக்கட்டும்." அவர் முகம் மலர்வதற்குள் அண்ணி அதைத் தன் கையில் வைத்துக்கொண்டு, "என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். "அறுந்த பட்டையை மட்டும் மாத்திக் குடுத்துடு."

கடிகாரம் பிழைத்தது. அவரிடமிருந்து போயும் போனது. லிஃப்ட் மேலே போகிறதா கீழே போகிறதா என்று தெரியாமல் உள்ளே நிற்பவர் மாதிரி நின்றார்.

"அப்ப எனக்கு?" என்றாள் மகள். புதியதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு இதுதான் நல்லாருக்கு சித்தப்பா. எஞ்சின் ரூம்ல இருட்டுல தெரியும். இந்த ஏழு அப்பா எழுதுன மாதிரியே இருக்கு. அந்த டாக்டருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடு."

"இதை எடுத்துக்க. திருட்டுத்தனம் பண்ண முடியாத வாட்ச். போனா நேரத்துக்கு வா" என்றாள் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெறும் கையோடு போய் சங்கத்தில் நடந்ததைச் சொன்னார். நூலு தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு மில்லிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையா என்று இரண்டு தடவை விசாரித்தார். டாக்டர் தன் ஏழு தேறிவிட்டது என்பதில் திருப்தியாக இருந்தார்.

"இப்ப வாட்ச் எங்க?" என்றார் தேதி.

"அண்ணி கையில. பட்டை மாத்திக் கட்டிவிட்டேன். அதோடயே பாத்திரம் கழுவறாங்க."



"தண்ணியிலயா?" என்றார் டாக்டர், அடங்கிய குரலில்.

"நானும் சொன்னேன். கடலுக்குள்ள போன வாட்சுக்கு என் கழுவுதொட்டி ஒரு ஆழமான்னு கேட்டாங்க."

அவர் சொன்னதை அவரே கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். டாக்டர் காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

மகள் கப்பலேறிய பிறகு, ஞாயிறு கூட்டம் முடிந்ததும் அண்ணி வீட்டுக்குப் போய்விட்டு வருவது அவருக்கு வழக்கமாயிற்று. பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருப்பார். டாக்டரிடம் ஏதாவது ஒரு வாட்ச் வந்திருக்கும். தேதிக்கும் நூலுக்கும் ஏதாவது சண்டை வந்திருக்கும். மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறி, மூச்சு இரைக்க, என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே கதவைத் தட்டுவார்.

அன்றும் அப்படித்தான் தட்டினார். அண்ணி கதவைத் திறந்தாள். கை ஈரமாக இருந்தது. மணிக்கட்டில் கடிகாரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் வளையத்தில் விரலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, கையை நீட்டிக் காட்டினாள்.

"பத்து நிமிஷம்தான் ஆச்சு. உள்ள வா தம்பி."